ஐந்து வீதிக்கு ஐந்து நாள்

எங்கள் குடும்பத்தில் யார் காதிலாவது ஓர் எண் விழுந்தால், வாய் தானாக அதைப் பாதியாக்கிவிடும். இது கஞ்சத்தனம் இல்லை. கொட்டாவி மாதிரி. அய்யலூர் ஆட்டுச் சந்தையில் மூன்று தலைமுறையாகத் தரகு பார்த்தால் இப்படித்தான் ஆகும். டாக்டர் பத்து நாளைக்கு மாத்திரை எழுதினால் என் அப்பா சடையாண்டி, "அஞ்சு நாளைக்குப் போடுங்க, கட்டுப்படியாகட்டும்" என்பார். காய்ச்சல் அவருக்குத்தான். பூசாரி மூன்று சுற்றுச் சுற்றச் சொன்னால் ஒன்றரைச் சுற்றில் நின்று பூசாரியின் முகத்தைப் பார்ப்பார், படிகிறதா என்று.

இந்த வீட்டில் பிறந்த நான், அறுபத்தொன்றாம் வருஷம் ஆனி மாதம் பத்தாம் தேதி சுப்புத்தாயைக் கல்யாணம் செய்துகொண்டேன். சேவுகம்பட்டிக்காரி. அவள் அப்பா ஆவுடையப்பன் வீட்டு முன்னறையிலேயே கிளைத் தபாலாபீஸ் நடத்தினார். அந்த வீட்டில் சொன்ன எண் சொன்ன எண்தான். சுவரில் கட்டணப் பலகை தொங்கும். ஒரு கார்டைப் பாதி விலைக்குக் கேட்டவன் அந்த ஊரில் இன்னும் பிறக்கவில்லை. நிச்சயதார்த்தத்தில் அவர், "முகூர்த்தம் ஏழரையில இருந்து ஒம்பது" என்று சொன்னபோது எங்கள் அப்பா, "ஏழே கால்னு வச்சுக்கங்களேன் சம்பந்தி" என்றார். ஆவுடையப்பன் பஞ்சாங்கத்தையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். சுப்புத்தாய் வாயை மூடிக்கொண்டு சிரித்தது அப்போதுதான் என் கண்ணில் பட்டது. அதைப் பார்த்தபிறகு எனக்கு வேறு எந்த விவரமும் காதில் விழவில்லை.

கல்யாணமாகி ஆறாம் நாள் காலை. திண்டுக்கல்லில், பேகம்பூர் போகிற வழியில் எங்கள் வீடு. அம்மா பால் வாங்கப் போயிருந்தாள். அப்பா தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு கொல்லையில் உட்கார்ந்திருந்தார். நான் இட்லி சாப்பிட, அவள் சாம்பார் ஊற்றிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"ஏங்க, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"மதுரைக்குப் போவமா? நாம ரெண்டு பேரு மட்டும். பத்திரிகையில எல்லாம் எழுதுறாங்கள்ல, தேனிலவுன்னு." காது மடல் சிவந்துவிட்டது. "அஞ்சு நாளு."

"ரெண்டு நாளு" என்றேன்.

சத்தியமாக நான் யோசிக்கவில்லை. என் மனசைக் கேட்டிருந்தால் ஐந்து என்ன, அவளோடு பதினைந்து நாள் போயிருப்பேன். ஆனால் பேசியது மனசு இல்லை, அய்யலூர். அவள் எங்கள் வீட்டுப் பெண்ணாக இருந்திருந்தால், "நாலே முக்காலு" என்று எகிறியிருப்பாள். நான் மூன்று என்பேன். அவள் இட்லித் தட்டைப் பிடுங்குவாள். கடைசியில் நான் தோற்றுப் போனவன் மாதிரி தலையில் கை வைத்துக்கொண்டு ஐந்துக்கு ஒத்துக்கொள்வேன், இரண்டு பேரும் ஜெயித்த சந்தோஷத்தில் இருப்போம். எங்கள் வீட்டில் பிரியம் இந்த வழியாகத்தான் வரும்.

அவள், "சரிங்க" என்றாள். சாம்பார்க் கரண்டியைத் துடைத்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சந்தையில் முதல் வார்த்தைக்கே ஒருவன் சரி என்றால் நாங்கள் ஆட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்போம், நாலு காலையும் தூக்கிப் பார்ப்போம். ஏதோ கோளாறு இருக்கிறது என்று அர்த்தம். பாதி இட்லியோடு எழுந்துவிட்டேன்.

அதற்கப்புறம் அவள் கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன். கோபப்படவில்லை. "சட்டை தொவச்சாச்சுங்க." "வெஞ்சனம் மூடி வச்சிருக்கேங்க." கம்பி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஸ்டாம்பு கிழித்துக் கொடுக்கிற குரல். மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை. நாலு நாள் இந்த மரியாதையைத் தின்று நான் இளைத்துப் போனேன்.

பேகம்பூரில் தோல் மண்டி வைத்திருக்கும் சனாவுல்லாவிடம் போய்ச் சொன்னேன். சின்ன வயதிலிருந்தே சிநேகிதன். என்னை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவான். உப்புப் போட்ட தோல்களைப் புரட்டிக்கொண்டே கேட்டான்.

"எத்தன நாளு கேட்டாங்க?"

"அஞ்சு."

"நீ?"

"ரெண்டு."

தோலைக் கீழே போட்டான். "யா அல்லா! அவங்க என்ன ஆட்டுக்கா வெலை சொன்னாங்க? மாப்ள, இந்த மொகரையோட அஞ்சு நாளு தனியா இருக்கணும்னு ஒரு பொண்ணு வாயத் தொறந்து கேட்டிருக்கு. எங்கயும் நடக்காத அதிசயம். நீ என்ன சொன்ன? உன்கூட ரெண்டு நாளு இருந்தாப் போதும்னு சொல்லிட்ட."

"நான் அப்படிச் சொல்லலடா. அது பேரம்."

"ஒங்க வீட்டுல பேரம். தபாலாபீசுல?"

உப்பு வாடையில் கண் எரிந்தது. உப்பினால்தான்.

"போயி சரி பண்ணு. இன்னும் கொஞ்ச நாள்ல ஆடி வருது. மாமனாரு வந்து பொண்ணைக் கூட்டிட்டுப் போயிருவாரு. அப்புறம் ஒரு மாசம் நீயும் நானும் இந்தத் தோலும்தான்" என்றான்.

அதுதான் எனக்கு உறைத்தது. ஆடி பிறக்குமுன் புதுப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். ஒரு மாதம் புருஷன் வாசற்படி மிதிக்கக் கூடாது. இந்தத் தபாலாபீஸ் மரியாதையோடு அவள் போய்விட்டால், ஊரில் ஒரு மாதம் உட்கார்ந்து, 'இவருக்கு நான் ரெண்டு நாளைக்குத்தான் வேணும்' என்று கணக்குப் போட்டு முடிவுகட்டிவிடுவாள். அந்த வீட்டில் போட்ட முத்திரையைத் திருப்பி எடுக்க முடியாது.

வீட்டுக்கு வந்து முகம் கழுவித் தலைசீவச் சீப்பைத் தேடினேன். சுவர்க் கண்ணாடிக்குப் பின்னால் அவள் சீப்பைச் செருகி வைப்பது வழக்கம். கையை விட்டதும் சீப்போடு ஒரு மணியார்டர் பாரமும் வந்தது. பின்பக்கம் பென்சிலால் ஒரு படம். ஒரு சதுரத்துக்குள் ஒரு சதுரம், அதற்குள் ஒன்று, இப்படி ஐந்து. நடுவில் ஒரு புள்ளி, 'மீனாட்சி' என்று எழுதியிருந்தது.

எனக்குப் புரியச் செத்த நேரம் ஆனது. மதுரையில் கோயிலைச் சுற்றி வீதிகள் அப்படித்தானே கிடக்கின்றன? வெளி வீதி, அதற்குள் மாசி வீதி, அதற்குள் ஆவணி மூல வீதி, அப்புறம் சித்திரை வீதி, கோயில் மதிலுக்குள்ளேயே ஆடி வீதி. நான் மதுரைக்கு நூறு தடவை போயிருப்பேன். ஆட்டு லாரியில் போய் ஆட்டு லாரியில் வந்தவனுக்கு வீதி எது, சதுரம் எது? அவள் மதுரையைப் பார்த்தது ஒரே ஒரு தடவை, நாலு வயதில், அப்பா தோளில் தூங்கிக்கொண்டு. ஆனால் அந்த ஊரிலிருந்து வந்த கவர்களை வீடு வாரியாகப் பிரித்து அடுக்கியே வளர்ந்தவள். ஜவுளிக்கடை விலைப்பட்டியல், விதைக்கடைக் கடுதாசி, கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றின் மேலும் அந்த வீதிகளின் பெயர் இருக்கும். ஊருக்கு வரும் வாரப் பத்திரிகைகளைச் சுற்றிய காகிதம் கிழியாமல் உருவிப் படித்துவிட்டு மறுபடி செருகி அனுப்புவாளாம். அதை மட்டும் அவள் அப்பாவுக்கு இன்னும் நாங்கள் சொல்லவில்லை.

ஒவ்வொரு சதுரத்துக்கும் பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதியிருந்தாள்.

'முதல் நாள் வெளி வீதி. ஸ்டேஷனை விட்டு வந்ததும் ஆரம்பம். நாலு பக்கமும் நடந்தே போகணும். பழைய கோட்டை மதில் எங்கே இருந்தது என்று யாரிடமாவது கேட்கணும்.

இரண்டாம் நாள் மாசி வீதி. தேர் ஓடும் வீதி. வளையல் வாங்கலாம். பச்சை வேண்டாம், நிறைய இருக்கு.

மூன்றாம் நாள் ஆவணி மூல வீதி. சாயங்காலம் நாயக்கர் மகால். ஒரு தூணை இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவுங்க கட்டிப் பிடித்தால் கை எட்டுதா என்று பார்க்கணும்.

நாலாம் நாள் சித்திரை வீதி. நாலு கோபுரம். அண்ணாந்து பார்க்கவே ஒரு நாள் வேணும்.

ஐந்தாம் நாள் ஆடி வீதி. சும்மா உட்கார்ந்திருக்கணும். அதற்குள் அவுங்களுக்குக் கால் வலிக்கும்.'

நான் இரண்டு நாள் என்று சொன்னபிறகு அவள் மறுபடி இந்தத் தாளை எடுத்திருக்கிறாள். மூன்று சதுரத்தை அடித்து, ரப்பரால் அழித்து, வேறு மூன்றை அடித்து, அதையும் அழித்திருந்தாள். அழித்து அழித்துத் தாள் அந்த இடத்தில் வெளிச்சம் தெரிகிற அளவு தேய்ந்திருந்தது. எதை விடுவது என்று தெரியவில்லை போலிருக்கிறது.

தாளை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுச் சமையற்கட்டுக்குப் போனேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"சுப்பு, அஞ்சு நாளே போவோம்."

"வேணாங்க. நீங்கதான் ரெண்டுன்னீங்களே."

"அது சும்மா வாய்ல வந்தது."

"எங்கப்பா வாய்ல சும்மா ஒண்ணு வந்து நான் பாத்ததில்லங்க."

"அவரு வேற, நாங்க வேற. சரி விடு, நாலு நாளு."

சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்தேன். எதிராளி ஒன்றும் கேட்காமலே என் விலையை நானே இறக்கியிருக்கிறேன்.

அவள் பூண்டை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இப்பத்தான் அஞ்சுன்னீங்க. பேசப் பேசக் கொறையுது. இன்னும் செத்த நேரம் பேசுனா நான் இங்கனயே பூண்டு உரிச்சுக்கிட்டு இருந்துக்கிறேன்." சிரிப்பு வரப் பார்த்தது, அடக்கிக்கொண்டாள். பிறகு, "எதுக்கும் மொதல்ல மாமாகிட்டக் கேளுங்க. ஆடி வருது, கெடா வெலை ஏறுதுன்னு காலையில இருந்து சொல்லிக்கிட்டிருக்காக. ரெண்டு நாளே விடுவாகளோ என்னமோ" என்றாள்.

அது நிஜம். ஆடியில் ஊருக்கு ஊர் அம்மன் கொடை. கிடாய் வெட்டாத கிராமம் கிடையாது. அதற்கு முந்தின சந்தைகளில்தான் எங்கள் வருஷமே ஓடும். அந்த நேரத்தில் மகன் பெண்டாட்டியோடு ஊர் சுற்றக் கிளம்பினால் அப்பா என்ன சொல்வார் என்று சந்தை ஆடுகளுக்குக்கூடத் தெரியும்.

வீட்டில் கேட்டால் அம்மா நடுவில் புகுந்து பேச்சை வேறு பக்கம் கொண்டுபோய்விடுவாள். சந்தையில் கேட்பது என்று முடிவு செய்தேன்.

வியாழக்கிழமை அய்யலூர் போனவர்களுக்குத் தெரியும். அங்கே விலையை வாயால் சொல்வதில்லை. இரண்டு பேர் கையைச் சேர்த்து அதன்மேல் துண்டைப் போட்டுக்கொள்வார்கள். உள்ளே விரலைப் பிடிப்பதுதான் பேச்சு. ஒரு விரல் ஒன்று, முழுக்கையும் பிடித்தால் ஐந்து. வாய் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். சுற்றி நிற்கிறவன் விலை தெரியாமல் தவிப்பான். தோள் அசைவதை வைத்தே உள்ளே என்ன ஓடுகிறது என்று கண்டுபிடிக்கிற எமன்களும் உண்டு. எங்கள் அப்பா அதில் முதல் ஆள்.

வியாபாரம் கொஞ்சம் ஓய்ந்த நேரம் பார்த்துப் போனேன். "அப்பா, ஒரு வெலை பேசணும்."

"எந்த ஆடு?"

"ஆடு இல்ல. நாளு. நானும் அவளும் மதுரைக்குப் போயி இருக்கணும். அதுக்கு."

அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து எங்கள் கைகளின்மேல் போட்டார். உள்ளே என் ஒற்றை விரலைப் பிடித்தார். நான் அவர் கையை முழுதாகப் பிடித்தேன். அவர் உதறிவிட்டு இரண்டு விரலுக்கு வந்தார். நான் மறுபடி முழுக்கை. "மேக்க மழை இருக்கும் போல" என்றார் வெளியே. உள்ளே இரண்டு விரலோடு மூன்றாவதில் பாதி வரைக்கும் வந்து நின்றார். என் வயதுக்காரன் எவனுக்கும் அப்பா இவ்வளவு ஏறியதில்லை. நான் முழுக்கையை விடவில்லை.

பக்கத்துத் தரகர்கள் கூடிவிட்டார்கள். "என்ன சடையாண்டி, மகன் தோளு அசையவே மாட்டேங்குது!"

அப்பாவுக்கு மானம் போய்விட்டது. "ஏலே, ஏறி எறங்குனாத்தாண்டா பேரம். கல்லுப் பிள்ளையாரு மாதிரி புடிச்சுக்கிட்டே நின்னா அதுக்குப் பேரு என்ன?"

"சொன்ன வெலைப்பா. பேரமில்ல."

அய்யலூர்ச் சந்தை தொடங்கிய நாளிலிருந்து அங்கே யாரும் சொல்லாத வார்த்தை. ஒரு ஆடு தும்மியது.

"யாரு சொன்ன வெலை? நீயா, அந்தப் புள்ளையா?"

"அவதான். அஞ்சுன்னா. நான் ரெண்டுன்னுட்டேன்."

"சரி. அவ என்ன சொன்னா?"

"சரின்னுட்டா."

"மொத வார்த்தையிலயேவா?"

"மொத வார்த்தையிலயே."

துண்டுக்குள் அப்பாவின் பிடி தளர்ந்தது. நொண்டி ஆட்டை விவரம் தெரியாதவனிடம் நல்ல ஆடு என்று விற்றுவிட்டு வந்த பையனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். "அடப் பாவிப்பயலே, பதில் பேசாத புள்ளைகிட்டயாடா போயி வாயக் குடுத்த? ஒங்காத்தாகிட்ட நான் பழனிக்கு ஒரு நாளுன்னேன். மத்தியானம் வரைக்கும் கஞ்சி ஊத்தாம மூணு நாளு வாங்கிட்டா. அவ ஆளு! இந்தப் புள்ளை சரின்னுட்டுப் போயிருச்சே." கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். பிறகு என் கையை முழுதாக ஒரு அழுத்து அழுத்தி விட்டார். துண்டை எடுத்து என் தோளிலேயே போட்டார். "நாளைக்கழிச்சுக் கெளம்பு. அடுத்த வியாழக்கெழமை விடியுமுன்ன இங்க நிக்கணும். போ."

அன்று சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவள் கிணற்றடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சந்தையில் நடந்ததை விரல் விரலாகச் சொன்னேன். அரை விரல் வந்தபோது சிரித்தேவிட்டாள். ஆறு நாளுக்குப் பிறகு அந்தச் சிரிப்பு.

"இப்ப நீயே சொல்லு. எத்தனை நாளு? நீ என்ன சொல்றியோ அதுதான்."

அவள் ஈரச் சேலையைக் கொடியில் இழுத்துவிட்டுக்கொண்டே யோசித்தாள். பன்னிரண்டு நாளாக எங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பதை நான் மறந்துவிட்டேன். கத்தரிக்காய்க்காரி கூடையை இறக்கும்போது அம்மா என்ன செய்கிறாள், பால்காரன் அப்பாவிடம் என்ன பாடுபடுகிறான், எல்லாம் பார்த்திருக்கிறாள். எட்டு இட்லி வேண்டுமென்றால் நான் எத்தனை கேட்பேன் என்பது வரைக்கும்.

"பத்து நாளு" என்றாள்.

என் வாய் திறந்துவிட்டது. 'அஞ்சு' நுனி நாக்கில் வந்து நின்றது. எனக்கு வேண்டியதும் ஐந்து, அப்பா கொடுத்ததும் ஐந்து, அவள் ஆசைப்பட்டதும் ஐந்து. என் வாழ்க்கையில் முதல் தடவையாக எங்கள் பரம்பரை வியாதியே சரியான மருந்தாக வந்து நிற்கிறது. சொன்னால் முடிந்தது. ஆனால் சாம்பார்க் கரண்டியைத் துடைத்து வைத்த அந்தக் கை ஞாபகம் வந்தது. எச்சிலை விழுங்கினேன்.

"சரி" என்றேன்.

அவள் திரும்பினாள். "என்னது?"

"சரி. பத்து நாளு."

"ஏங்க, என்னங்க சரிங்கிறீங்க? பாதியாக்குங்க!"

"மாட்டேன்."

"நீங்க பாதியாக்குவீங்கன்னுதான பத்துன்னேன்! எங்கப்பா வர இன்னும் ஒம்பது நாளுதான் இருக்கு. பத்து நாளுக்கு எங்க போறது?"

"அது எனக்குத் தெரியாது. நீ சொன்ன வெலை. நான் குடுத்துட்டேன்."

"மாமா அஞ்சுதான குடுத்திருக்காக!"

"நீ பத்து சொல்லியிருக்க."

"ஐயோ, இந்த மனுசன்..." என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். சந்தையில் தோற்றவர்கள் வைப்பார்களே, அதே மாதிரி. பிறகு கொடியில் கிடந்த சேலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். சேலை குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்து விலக்கிப் பார்த்தேன். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்திருந்தது.

"அந்தத் தாளைப் பாத்துட்டீங்களா?" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"சீப்பு எடுக்கையில பாத்தேன். எனக்கு அஞ்சு நாள்ல எல்லாம் கால் வலிக்காது."

"அப்பச் சரி. இப்ப அஞ்சு நாளு, வெளி வீதியில இருந்து உள்ள போவோம். ஆடி கழிஞ்சு நான் திரும்பி வரையில ஆவணியில அஞ்சு நாளு, ஆடி வீதியில இருந்து வெளிய வருவோம். பத்து சரியாப் போச்சு."

தபாலாபீஸ்காரி. அவள் கொடுத்த வார்த்தையும் நின்றது, நான் கொடுத்த வார்த்தையும் நின்றது. ஆவணிச் சந்தைக்கு அப்பாவிடம் யார் போய்த் துண்டு போடுவது என்று நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை ரயிலில் மதுரையில் இறங்கினோம். என் தலையில் தகரப்பெட்டி, அவள் கையில் மணியார்டர் பாரம். ஸ்டேஷனுக்கு எதிரே மேல வெளி வீதியில் கால் வைத்ததும் நின்று, செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு தடவை தரையை மிதித்துப் பார்த்தாள். ஜட்காக்காரன் எங்களைச் சுற்றிக்கொண்டு போனான், திட்டிக்கொண்டே.

சனாவுல்லா சொன்ன லாட்ஜ் அந்த வீதியிலேயே இருந்தது. மேஜைக்குப் பின்னால் மானேஜர் பேரேட்டைப் புரட்டிக்கொண்டு, "ஒரு நாளைக்கு ஆறு ரூவா" என்றார்.

நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். இந்தப் பயணத்தில் யார் என்ன எண் சொன்னாலும் பாதியாக்குவதில்லை என்று வழியெல்லாம் சத்தியம் செய்துகொண்டு வந்திருந்தேன். பையில் கை விட்டேன்.

"மூணு ரூவா" என்றது பக்கத்தில் ஒரு குரல்.

மானேஜர் நிமிர்ந்தார். நானும் திரும்பினேன். சுப்புத்தாய் அவரைப் பார்க்கவில்லை. சன்னலுக்கு வெளியே வீதியைப் பார்த்துக்கொண்டு, மேற்கே மழை இருக்கிறதா என்று பார்ப்பவள் மாதிரி நின்றிருந்தாள்.

"என்ன சார் இது?" என்றார் மானேஜர் என்னிடம்.

"அவுங்க சொல்றதுதாங்க" என்றேன்.

"அஞ்சரைன்னு வச்சுக்கங்க."

முந்தானைக்குள்ளே அவள் கை வந்து என் கையைத் தேடி ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. மானேஜர் அவள் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அசையவே இல்லை.